வெள்ளிக்கிழமை எண்ணெயும் லொறிப் புகையும்

எங்கள் லொறி நீலப் புகை விடத் தொடங்கியது இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஒரு மாசி மாதத்தில். கொடிகாமம் சந்தையில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வைத்தியர்களாகிவிட்டார்கள். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் இன்னொருவர். பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது என்று அடித்துச் சொன்னவர் ஒரு வெற்றிலைக் கடைக்காரர், அவர் தன் வாழ்நாளில் லொறியில் ஏறியதே இல்லை. அந்த வெற்றிலைக் கடை வைத்தியத்தைத்தான் என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார், தானே கண்டுபிடித்ததுபோல.

இவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லொறி வாங்கும்வரை மாட்டு வண்டிகளில் புகையிலையும் வெங்காயமும் ஏற்றியவர். ஒரு மாட்டை எட்ட நின்று பார்த்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். லொறி அசைபோடுவதும் இல்லை, சாணம் போடுவதும் இல்லை. அதனால் கொஞ்சம் தடுமாறினார். தடுமாறுகிறோம் என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. லொறியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் புராணப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டு வாசிப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்த ஆங்கிலம். நான் அதே மிஷனின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவரைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

லொறியை ஓட்டியவர் பருத்தித்துறைப் பக்கத்து ஆள். லொறி வந்த நாளிலிருந்து எங்களோடு இருந்தார். முப்பது வயது இருக்கும், கதை குறைவு. விடியற்காலையில் வந்து எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்த்து, எண்ணெய் பார்த்து, எஞ்சினைத் துடைத்துவிட்டுத்தான் தேத்தண்ணீருக்கு வருவார். கொடிகாமத்திலிருந்து மரக்கறி மூட்டைகளோடு யாழ்ப்பாணம் போய் மாலையில் திரும்புவார். அந்த மனிதரில் எனக்கு ஒரேயொரு குறைதான் இருந்தது. என் சமையலை நல்லது என்றும் சொல்வதில்லை, கூடாது என்றும் சொல்வதில்லை.

இனி என் பங்கு. லொறி வந்த அன்று விற்றவர்களுடைய ஆள் ஒருவன் முற்றத்தில் நின்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். எஞ்சினின் பக்கத்தில் சோற்றுப் பானை அளவில் ஒரு கறுத்த டப்பா இருந்தது. அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் நிற்கும் கிண்ணம்.

"எங்கடை றோட்டு எல்லாம் புழுதி. எஞ்சின் இழுக்கிற காத்து முதல்லை இந்த எண்ணெய்க்கு மேலாலை போகும். புழுதி எண்ணெயிலை ஒட்டிவிடும், நல்ல காத்து உள்ளை போகும். அதாலை இதிலை எண்ணெய் வத்தக்கூடாது" என்றான்.

கிண்ணத்தில் இருந்த ஓர் அளவுக் கோட்டைப் பற்றியும் பிறகு ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் அவனுக்குத் தேத்தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

எண்ணெய் வற்றக்கூடாத பாத்திரம் என்று ஒன்று வீட்டில் இருந்தால் அது பெண்ணின் பொறுப்பு. எனக்கு அப்படித்தான் பழக்கம். வெள்ளிக்கிழமை விடிய முழுகிவிட்டுச் சாமியறை விளக்குக்கு எண்ணெய் வார்ப்பேன். பிறகு முற்றத்து வேப்பமரத்தடியில் சூலமாக நிற்கிற வைரவருக்கு வார்ப்பேன். லொறி வந்த பிறகு மூன்றாவதாக லொறிக்கும் வார்த்தேன். வெள்ளிக்கிழமையில் எண்ணெய்ப் பாத்திரத்தைக் குறையாக விடுவது என் தாய் வீட்டு வழக்கத்திலேயே இல்லை, ஆகவே விளிம்புவரை. நல்லெண்ணெய்தான். முழுகிவிட்டு வந்த கையால் அந்தக் கறுத்த எஞ்சின் எண்ணெயைத் தொட எனக்கு என்ன விசரா?

நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. அந்த நேரம் இவர் கிணற்றடியில் தேவாரம் பாடிக்கொண்டு குளிப்பார், வெள்ளிக்கிழமையில் கிணறு பாதியாகும்வரை குளிப்பார். குளித்துவிட்டு வந்து லொறிக்குச் சந்தனம் வைத்து, ஊதுபத்தி காட்டி, சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைப்பார். அது அவருடைய பங்கு. சோற்றுக்கு உப்புப் போட்டேன் என்று நான் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை, இதையும் சொல்லவில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது. லொறி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

யுத்தம் வந்து பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. பெற்றோல் களவு போகிற கதைகளும் வந்தன. இவர் யாழ்ப்பாணம் போய் மூன்று ஆமைப்பூட்டு வாங்கி வந்தார். ஒன்று பெற்றோல் தாங்கிக்கு. ஒன்று பொனற்றுக்கு. மூன்றாவதை எதற்குப் போடுவது என்று இரண்டு நாள் வளவெல்லாம் திரிந்து பார்த்துவிட்டு, கடைசியில் என் ஊறுகாய்ச் சாடிகள் இருந்த பெட்டிக்குப் போட்டார். திறப்புகளை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நடந்தால் கிலுங்கும். அதிலிருந்து பொனற் திறப்பது காலையில் ஒரு தரம், இவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். சாரதி தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்து முடித்ததும் இவரே பூட்டுவார். வழியில் வேறு எதையும் தொட வேண்டாம் என்று கட்டளை.

குளிக்கப் போகும்போது மட்டும் திறப்புக் கொத்தைச் சாமியறை ஆணியில் கொழுவுவார். வெள்ளிக்கிழமை விடிய நான் அதை எடுத்து, என் மூன்றாவது விளக்குக்கு வார்த்துவிட்டு, திரும்பக் கொழுவிவிடுவேன். புருசனின் பூட்டைத் திறக்க மனைவி எந்த அரசாங்கக் கச்சேரியில் போய் அனுமதி கேட்பாள்?

பூட்டுப் போட்டு இரண்டாவது கிழமையில் புகை தொடங்கியது.

முதலில் லேசாக. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எஞ்சினை இயக்கியதும் முற்றமே தெரியவில்லை. கோழிகள் கொக்கரித்துக்கொண்டு வேலிக்குள் புகுந்தன. அயல் வீட்டில் வெளுத்துக் காயப்போட்டிருந்த வேட்டிகளில் எண்ணெய்ப் பசை ஒட்டி, அந்த வீட்டு அம்மா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இவர் பட்டுத் துணியை அவிழ்த்தார். கண்ணாடியைப் போட்டார். ஒரு பக்கத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுச் சாரதியைக் கூப்பிட்டார்.

"றிங் தேஞ்சால் எண்ணெய் மேலை ஏறும். ஏறின எண்ணெய் எரிஞ்சால் நீலப் புகை வரும். றிங் ஏன் தேயுது? எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் தேயும். எப்ப ஓட்டினனி?"

"நான் ஒருநாளும் எண்ணெய் குறைய விடேல்லை, ஐயா."

"அப்ப புத்தகம் பொய் சொல்லுதோ?"

சாரதி புத்தகத்தோடு வாதாடவில்லை. "ஐயா, உந்தப் பூட்டை ஒரு நாளைக்குத் திறந்து விட்டியள் எண்டால் நான் ஆறுதலாய்ப் பாப்பன்" என்று மட்டும் கேட்டார்.

"நான் நிக்கேக்கை பார். நான் இல்லாமல் பாக்க அங்கை என்ன கிடக்கு?"

இவர் நின்றார், பொனற் திறந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாரதி கறுத்த டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீர் சரி, எண்ணெய் சரி என்று சொல்லிப் பொனற்றை மூடிவிட்டார். பசியாக்கும் என்று நினைத்து அன்றைக்கு நான் இரண்டு பிட்டுக் கூடக் கொடுத்தேன்.

றிங் வேண்டுமானால் கப்பலில் வரவேண்டும். அந்த நாளில் கப்பல்கள் பீரங்கி ஏற்றிக்கொண்டிருந்தன, எங்கள் றிங்குக்கு யார் இடம் விடுவார்கள்? லொறி மாதக்கணக்கில் முற்றத்தில் நிற்கும் என்று இவர் பயந்தார். பயம் வந்தால் இவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சாவகச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சாரதியிடம் சொன்னார்: "அந்த மனிசன் றிங் எண்டு சொன்னால், தம்பி, நீ வேறை இடம் பார்."

இது சின்ன விடயம் இல்லை. அப்போது குடாநாட்டில் லொறி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். எஞ்சினைத் தின்றவன் என்று ஒரு வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவனிடம் அடுத்த வீட்டில் மாட்டு வண்டியையும் நம்பிக் கொடுக்கமாட்டார்கள். சாரதியின் மனைவிக்கு அது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. நான் உண்மையாகவே பதறிப்போனேன்.

பதறினால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து லொறியை மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியில் வீடே இருமியது. புகை குறையவில்லை. வருத்தக்காரருக்கு ஊட்டம் வேண்டும் என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமையும் எண்ணெய் வார்க்கத் தொடங்கினேன். புகை கூடக் கூட நானும் கூட்டினேன். அந்த நாளில் நல்லெண்ணெய்க்கு இருந்த தட்டுப்பாட்டில் நாங்கள் தாளிக்கிறதைக் குறைத்துக்கொண்டோம், லொறிக்கு மட்டும் குறைவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தேவாலயம் முடிந்து நேரே வந்தார். ஐம்பது வயதுக்கு மேலே, வெள்ளைக் கோட்டு. கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுச் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். எஞ்சினை இயக்கச் சொல்லி, புகைக் குழாயின் பின்னால் தன் வெள்ளைக் கைலேஞ்சித் துணியைப் பிடித்துப் பார்த்தார்.

"கறுப்பு எண்டால் பெற்றோல் கூட. வெள்ளை எண்டால் தண்ணி. இது நீலம். எண்ணெய்தான்" என்றார்.

இவர் தலையை நிமிர்த்திச் சாரதியைப் பார்த்தார். சாரதி நிலத்தைப் பார்த்தார்.

"மேட்டிலை ஏத்திப் பாத்தால் இன்னும் வடிவாய்த் தெரியும்" என்று மெக்கானிக் வாசலில் போகிற ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "எங்கடை ஊரிலை மேட்டுக்கு எங்கை போறது?" என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினார். துடைத்து, விட்டு, திரும்ப உருவினார். "கடைசியாய் எப்ப எஞ்சின் எண்ணெய் விட்டது?"

"தைப்பொங்கலுக்கு மாத்தினது, ஐயா. அதுக்குப் பிறகு விட வேண்டி வரேல்லை" என்றார் சாரதி.

மெக்கானிக் கம்பியை என் கணவரின் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். எண்ணெய் கோட்டில் நின்றது. "தம்பி, உம்மடை வீட்டிலை அரிசிப் பெட்டி குறையேல்லை. எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டும் இருக்கினம். அப்ப சோறு எங்கையிருந்து வந்தது?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "அயல் வீட்டிலையிருந்து."

"ஓம். இந்த லொறி எரிக்கிறது எஞ்சினின்ரை எண்ணெய் இல்லை. அந்த அயல் வீட்டைத் தேடுவம்."

ஆறு பிளக்கையும் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்தார். ஆறும் ஒரே மாதிரி நனைந்து கறுத்திருந்தன. றிங் தேய்ந்தால் ஒன்றோ இரண்டோதான் நனையும், ஆறும் ஒன்றாகத் தேயாது என்றார். எல்லாத்துக்கும் ஒரே வாசலால் எண்ணெய் போகிறது, காற்றோடு போகிறது என்றார். கறுத்த டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் பளபளவென்று வந்தது. அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர் ஒருதரம் நின்று, குசினிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்சை ஆர் தோசை சுடுறது?"

யாரும் தோசை சுடவில்லை. அவர் டப்பாவின் மூடியைத் தூக்கினார். கிண்ணம் தளும்பிக்கொண்டு நின்றது, மேலே மஞ்சளாக. இவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "நல்லெண்ணெய்" என்றார், நம்பமுடியாத குரலில்.

"கோடு இருக்கிறது கீழை. இது கோட்டுக்கு மேலை ரண்டு விரக்கடை. எஞ்சின் காத்தை இழுக்கேக்கை எண்ணெயையும் சேத்து உறிஞ்சுது. றிங்கிலை ஒரு பிழையும் இல்லை. இதை ஊத்தினது ஆர்?"

நான் மெக்கானிக்கின் கோட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். அவர் தேடிய அயல் வீடு நானேதான். அவ்வளவு ஆண்களுக்கு முன்னால், இரண்டு வகுப்புக் கூடப் படித்த நான், லொறியை விளக்கென்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"நான்தான் ஊத்தினனான், ஐயா" என்றார் சாரதி. "குறைஞ்சு கிடந்த மாதிரி இருந்தது."

இவருடைய கை அரைக்குப் போனது. திறப்புகள் கிலுங்கின. "பூட்டிக் கிடந்ததை எப்பிடித் திறந்தனி?"

சாரதி குனிந்து சாக்கில் இருந்த பிளக்குகளை நேராக வைத்தார்.

"திறப்பு என்ரை அரையிலை கிடக்கும். இல்லையெண்டால் சாமியறையிலை கிடக்கும். அப்ப நீ என்ரை சாமியறைக்குள்ளை வந்து திறப்பு எடுத்திருக்கிறாய்."

றிங் தேய்த்தவனுக்கு வேலைதான் போகும். வீட்டுக்குள் வந்து திறப்பு எடுத்தவன் என்றால் கள்ளன். அந்தப் பெயரோடு அந்த மனிதர் பருத்தித்துறையில் பிறக்கப்போகிற பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பார்? இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெக்கானிக் கையைத் துடைத்து, துணியை மடித்து, சாக்கின்மேல் வைத்து முடிக்கிற நேரம். அவ்வளவு நேரமும் என் வெட்கத்துக்காக ஒரு மனிதரைக் கள்ளனாக நிற்க விட்டேன். எனக்கு இப்போது எழுபதுக்கு மேலே. அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

"இஞ்சாருங்கோ" என்றேன். "அவர் எடுக்கேல்லை. திறப்பை எடுத்தது நான். ஊத்தினதும் நான்தான். வெள்ளிக்கிழமை விளக்குக்கு வாக்கேக்கை அதுக்கும் வாத்தனான். இப்ப செவ்வாயும்."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்கத் திரும்பினார், அவருடைய தோள் குலுங்கியது. இவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"நீர் லொறிக்கு விளக்கு ஏத்தினனீரோ?"

அந்தக் கேள்வியில் என் கோபம் எழும்பிவிட்டது. பிழை என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் கூட வரும். "ஏத்தினன். லொறி வந்த நாளிலையிருந்து ரண்டு வருசம் வாத்தனான். ரண்டு வருசமும் ஒரு புகையும் வரேல்லை. உங்கடை ஆமைப்பூட்டு வந்த பிறகுதான் வந்தது. அதுக்கு உங்கடை புத்தகம் என்ன சொல்லுது?"

புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக்கும் திரும்பி வந்து, அது நியாயமான கேள்வி என்பதுபோல் கிண்ணத்தைப் பார்த்தார்.

சாரதிதான் மெதுவாகச் சொன்னார். "அப்ப நான் எடுத்து விடுறனான், அக்கை."

"எதை?"

"வெள்ளிக்கிழமையிலை காலமை வந்தவுடனை, கோட்டுக்கு மேலை நிக்கிறதைத் தேங்காய்ச் சிரட்டையாலை எடுத்திடுவன். பூட்டுப் போட்ட பிறகு ஏலாமல் போச்சு."

"ரண்டு வருசமோ?" என்றார் இவர்.

"ஓம், ஐயா."

"இதை ஏன்ராப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அக்கை சாமிக்கு ஏதோ நேத்தி வைச்சு வாக்கிறா எண்டு நினைச்சன். ஒருத்தற்றை நேத்தியை நான் என்னெண்டு போய்க் கதைக்கிறது?" சாரதி தலையைச் சொறிந்தார். "எடுத்த எண்ணெயைக் கண்ட இடத்திலை ஊத்தேல்லை. வைரவருக்குப் பின்னாலை, கால் படாத இடத்திலைதான் ஊத்தினனான்."

இவர் அரைஞாண் கயிற்றிலிருந்து பொனற் திறப்பை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. கடைசியில் மெக்கானிக் தன் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். இவர் திறப்பைச் சாரதியின் கையில் வைத்தார். மன்னித்துக்கொள் என்ற சொல் இவருடைய வாயில் ஒருநாளும் வந்ததில்லை, அன்றும் வரவில்லை. "இனி நீயே வைச்சிரு" என்றார்.

நான் சாரதியின் பக்கம் திரும்பினேன். "இனி வாக்கமாட்டன்" என்றேன்.

சாரதி கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "வழக்கத்தை விடாதேங்கோ, அக்கை. வாற வெள்ளியும் எண்ணெய் வாருங்கோ. நான் கோடு பாத்து எடுத்து விடுறன்."

நான் மெக்கானிக்கின் கோட்டைக் கொடியில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். நாலு பேருக்கும் தேத்தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் இருந்து அழுதேன்.